சொலிசிட்டர் விட்ட பிழைக்கு நட்டஈடு கேட்பது எப்படி: எங்கள் கராஜின் கதை

லண்டன் ஹரோவில் நாங்கள் வீடு வாங்கியது 2019 ஒக்டோபரில். விலை 485,000 பவுண். பின்வளவுக்கு அப்பால் ஒரு ஒழுங்கை, அதில் வரிசையாக ஆறு கராஜ். மூன்றாவது எங்களுடையது என்று விற்றவர் திறப்பைக் கையில் தந்தார். நாலு வருடம் அரிசி மூட்டை, டீப் பிரீசர், பிள்ளைகளின் சைக்கிள் எல்லாம் அங்கேதான் கிடந்தன.

2023 யூலையில் ஒருவர் கதவைத் தட்டினார். கராஜ் தன் அப்பாவுடையது, அப்பா தவறிவிட்டார், விற்கப் போகிறோம், சாமான்களை எடுத்துவிடுங்கள் என்றார். மரியாதையான மனிதர். கையில் லாண்ட் ரெஜிஸ்ட்ரி (காணி, வீட்டு உரிமையைப் பதியும் அரச அலுவலகம்) பத்திரமும் வைத்திருந்தார். எங்களுக்கு வீட்டை விற்றவர் அந்தக் கராஜுக்கு வாடகைதான் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறார்.

அன்றிரவே லாண்ட் ரெஜிஸ்ட்ரி தளத்தில் எங்கள் வீட்டின் பிளானை எடுத்துப் பார்த்தேன் (இப்போது ஒரு பிரதி 7 பவுண்). முன்வளவு, வீடு, பின்வளவு எல்லாவற்றையும் சுற்றிச் சிவப்புக் கோடு, அதற்குள் இருப்பதுதான் எங்களுடையது. பின்வேலிக்கு வந்ததும் கோடு மடங்கித் திரும்பிவிடுகிறது. ஒழுங்கைக்கு அந்தப் பக்கம் ஆறு சின்னப் பெட்டிகள், ஒன்றைச் சுற்றியும் சிவப்பு இல்லை. அரை நிமிடம் பார்த்தால் போதும், தெரிந்துவிடும். ஆனால் வாங்குகிற நேரத்தில் இந்தத் தாளை எங்கள் சொலிசிட்டர் (வீட்டுக் கொள்வனவின் சட்ட வேலையைப் பார்த்த வக்கீல்) எங்களுக்குக் காட்டவே இல்லை.

உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால், நான் போன வழியைச் சொல்கிறேன். இது இங்கிலாந்து, வேல்ஸுக்கு மட்டும் பொருந்தும். ஸ்கொட்லாந்தில் முறை வேறு.

கோபத்தில் போன் எடுத்துச் சண்டை பிடிக்க வேண்டாம். முதலில் உங்கள் கோப்பு முழுவதையும் எழுத்தில் கேளுங்கள். "நான் உங்கள் பழைய கட்சிக்காரர். இந்த வீட்டுக் கொள்வனவு சம்பந்தமான முழுக் கோப்பையும், போன் உரையாடல் குறிப்புகள் உட்பட, அனுப்பவும்" என்று இரண்டு வரி போதும். இழுத்தடித்தால், உங்களைப் பற்றி வைத்திருக்கும் தகவல்களைத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கேட்கிறேன் என்று எழுதுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை, சாதாரணமாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும்.

எங்கள் கோப்பில் இரண்டு தாள்கள்தான் எல்லாவற்றையும் மாற்றின. ஒன்று, அந்தப் பிளான். கையொப்பமிட மூன்று வாரம் இருக்கும்போதே அவர்கள் கைக்கு வந்திருக்கிறது. மற்றது நானே அனுப்பி மறந்துபோன மின்னஞ்சல்: "கராஜும் சேர்த்துத்தானே?" அதற்குப் பதில்: "ஆம், எல்லாம் சரி." இப்படியான வரிகளை உங்கள் கோப்பிலும் தேடுங்கள். நீங்கள் கேட்ட கேள்வி, அவர்கள் சொன்ன பதில், அந்தத் திகதியில் அவர்கள் கையில் இருந்த தாள். மூன்றையும் திகதி வரிசையில் ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள். பின்னால் எல்லாரும் அந்த ஒரு பக்கத்தைத்தான் கேட்பார்கள்.

அடுத்தது, அந்த நிறுவனத்துக்கே முறைப்பாடு. பதில் தர அவர்களுக்கு 8 வாரம் உண்டு. எங்களுக்கு ஆறாவது வாரம் வந்தது: "ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம், நல்லெண்ணமாக 400 பவுண் தருகிறோம், முழுமையான இறுதித் தீர்வாக ஏற்றுக்கொள்ளவும்." என் கணவர் வாங்கிவிடுவோம் என்றார், அலைய அவருக்கு மனம் இல்லை. நான் வேண்டாம் என்றேன். அந்தக் கடைசி வார்த்தைகளுக்குக் கையெழுத்து வைத்தால் கதவு மூடிவிடும். பிழை நடந்தால் கட்சிக்காரருக்கு ஒளிக்காமல் சொல்ல வேண்டும் என்பது சொலிசிட்டர்களை ஒழுங்குபடுத்தும் எஸ்.ஆர்.ஏ.யின் விதி. இருந்தும் கடிதத்தில் "பிழை" என்ற சொல் எங்கேயும் இல்லை.

இதற்குப் பிறகு பாதை இரண்டாகப் பிரிகிறது. அதைக் குழப்பிக்கொள்கிறவர்கள்தான் அதிகம்.

ஒன்று, லீகல் ஒம்புட்ஸ்மன், அதாவது வக்கீல்களின் சேவை பற்றிய முறைப்பாடுகளை விசாரிக்கும் அமைப்பு. செலவில்லை, வக்கீல் தேவையில்லை, 50,000 பவுண் வரை நட்டஈடு கொடுக்கச் சொல்ல அவர்களால் முடியும். நிறுவனத்தின் இறுதிப் பதில் வந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். அதோடு, பிழை நடந்த நாளிலிருந்து, அல்லது உங்களுக்குத் தெரியவந்திருக்க வேண்டிய நாளிலிருந்து, ஒரு வருடத்துக்குள்ளும் இருக்க வேண்டும். தாமதம், பதில் போடாதது, சொல்லாத கட்டணம் போட்டது போன்றவற்றுக்கு இது நல்ல வழி. அவர்களின் முடிவை நீங்கள் ஏற்றால் அது இரு பக்கத்தையும் கட்டும்.

மற்றது, தொழில்முறைக் கவனக்குறைவுக்கான உரிமைக் கோரிக்கை. வீட்டின் மதிப்பே குறைந்துவிட்டது என்றால், பிழை நடந்ததா என்பதே வழக்காகப் போகிறது என்றால், இந்த வழிதான். எஸ்.ஆர்.ஏ.க்கு எழுதினால் ஒழுங்கு நடவடிக்கை வரலாம், உங்களுக்குக் காசு வராது.

எங்கள் மாமாவுக்கு இது பிடிக்கவில்லை. அந்தச் சொலிசிட்டரைக் காட்டித் தந்ததே அவர்தான். "எங்கட ஆள் பிள்ளை, நாளைக்குக் கலியாண வீட்டில முகம் பாக்க வேணும்" என்றார். நான் அவரை இருத்தி விளக்கினேன். ஒவ்வொரு சொலிசிட்டர் நிறுவனமும் குறைந்தது 2 மில்லியன் பவுணுக்கு, கம்பனியாக நடத்தினால் 3 மில்லியனுக்கு, காப்புறுதி வைத்திருக்க வேண்டும். "மாமா, பெரும்பகுதி அவர் பொக்கற்றிலயிருந்து வாறதில்லை. இதுக்குத்தான் அவை வருசா வருசம் காப்புறுதி கட்டினம்." அவர் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் சனம் நிறையப் பேர் இந்த முகத்தாட்சண்யத்தாலேயே உரிமையை விட்டுவிடுகிறார்கள். தயவு செய்து விடாதீர்கள். நிறுவனம் மூடிப்போயிருந்தாலும், பிறகு வரும் கோரிக்கைகளுக்கு வழக்கமாக ஆறு வருடம் வரை காப்புறுதி இருக்கும்.

இனி முக்கியமான விஷயம்: எவ்வளவு கேட்பது? நான் முதலில் எழுதிய கணக்கில் புதுக் கராஜ் கட்டும் செலவு, நித்திரை இல்லாத இரவுகள், எல்லாம் இருந்தன. இந்தக் கோரிக்கைக்காக நாங்கள் பிடித்த புது வக்கீல் அதைப் பார்த்துவிட்டு இரண்டு கேள்வி கேட்டார். "கராஜ் இல்லை என்று தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? வாங்கிய அன்று கராஜ் இல்லாத அந்த வீட்டின் மதிப்பு என்ன?" இந்த இரண்டு கேள்விக்கும் தாளில் பதில் இருந்தால்தான் நியாயமான தொகை வரும். மன உளைச்சலுக்குக் கிடைப்பது கொஞ்சம்தான்.

முதல் கேள்விக்குப் பழைய மின்னஞ்சலில் பதில் இருந்தது. அதே கிழமை, அதே தெருவில், கராஜ் இல்லாத வீடு ஒன்றை 460,000க்குப் பார்த்துவிட்டு, "கராஜ் இல்லாததால் வேண்டாம்" என்று ஏஜெண்டுக்கு எழுதியிருந்தேன். தெரிந்திருந்தால் விலையைக் குறைக்கச் சொல்லியிருப்போம், அல்லது விலகியிருப்போம் என்பதற்கு அதைவிடச் சாட்சி தேவையில்லை. இரண்டாவதற்கு, வீட்டை மதிப்பிடத் தகுதி பெற்ற ஒரு சார்ட்டட் சேர்வேயரைப் பிடித்தோம். இன்றைய மதிப்பைக் கேட்காதீர்கள், வாங்கிய திகதியின் மதிப்பைக் கேளுங்கள். அவர் கணக்கு 463,000. வித்தியாசம் 22,000. அந்த 22,000க்கும் சேர்த்து நாங்கள் முத்திரை வரி கட்டியிருந்தோம், அந்த விலைப்பகுதிக்கு 5 வீதம், அது 1,100. சாமான்களை வாடகைக் களஞ்சியத்தில் வைத்த செலவு 600. மொத்தம் 23,700. நட்டத்தைக் குறைக்க நீங்கள் முயன்றீர்களா என்றும் பார்ப்பார்கள். கராஜை வாங்கக் கேட்டோம், உரிமையாளர் வேறொருவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். அந்தக் குறுஞ்செய்தியையும் சேர்த்தோம்.

பிறகு உரிமைக் கோரிக்கைக் கடிதம். என்ன நடந்தது, எது பிழை, சரியாகச் செய்திருந்தால் என்ன நடந்திருக்கும், எவ்வளவு நட்டம், எந்தத் தாள் ஆதாரம் என்ற வரிசையில். கிடைத்ததை 21 நாளில் உறுதிப்படுத்தி, அதன்பின் மூன்று மாதத்துக்குள் விசாரித்துப் பதில் தர வேண்டும் என்பது நீதிமன்றத்துக்கு முந்தைய நடைமுறை. எங்களுக்குப் பதில் எழுதியது காப்புறுதிக் கம்பனியின் வக்கீல்கள். விற்றவரிடம் கேளுங்கள் என்றார்கள், 9,000 தருகிறோம் என்றார்கள். விற்றவர் நாட்டைவிட்டே போய்விட்டார்.

நாட்களை மறக்க வேண்டாம். லிமிட்டேஷன் சட்டம் 1980இன்படி வழக்குப் போடப் பொதுவாக ஆறு வருடம். பாதுகாப்பாக, வாங்குபவரும் விற்பவரும் ஒப்பந்தத்தைப் பரிமாறிக்கொண்ட நாளிலிருந்தே எண்ணுங்கள். பிந்தித் தெரியவந்தால் தெரிந்த நாளிலிருந்து மூன்று வருடம் கிடைக்கலாம், ஆனால் பிழை நடந்து 15 வருடத்துக்கு மேல் போக முடியாது. கடிதம் எழுதிக்கொண்டு இருப்பதால் அந்த நாள் தள்ளிப்போகாது.

10,000 பவுணுக்கு உட்பட்டது என்றால் சிறு உரிமைக் கோரிக்கைப் பிரிவில் நீங்களே போகலாம், ஆனால் வக்கீல் செலவு பெரும்பாலும் திரும்பாது. அதற்கு மேலே 200,000 வரை வழக்குப் பதியத் தொகையில் 5 வீதம் கட்டணம். எங்கள் வக்கீல் அதற்கு முன்பே பார்ட் 36 என்ற முறைப்படி 20,500க்கு ஒரு முன்மொழிவு அனுப்பினார். அதை மறுத்து, வழக்கில் நாங்கள் அவ்வளவோ கூடவோ பெற்றால், அவர்களுக்குச் செலவும் வட்டியும் ஏறும். அவர்கள் யோசிக்க 21 நாள் கொடுத்தோம். பத்தொன்பதாவது நாள் ஏற்றுக்கொண்டார்கள்.

தீர்வு ஒப்பந்தம் வந்தபோது "இந்தக் கொள்வனவு தொடர்பான எல்லா உரிமைகளையும் கைவிடுகிறோம்" என்று இருந்தது. வேறு பிழை ஏதாவது இருந்து நாளைக்கு வெளியே வந்தால் அதுவும் போய்விடும். "கராஜ் தொடர்பான" என்று மாற்றச் சொன்னோம். நாலு நாள் கழித்து மாற்றி அனுப்பினார்கள், அதன்பிறகுதான் கையெழுத்து வைத்தோம்.