உப்புப் பாக்கெட்டில் தேதி எழுதுங்கள்

ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, மாரடைப்பு, பக்கவாதம் எல்லாம் பல வருஷம் சத்தமில்லாமல் வளர்கிற நோய்கள். அதற்கான தடயம் அடுப்படியிலேயே கிடைக்கும். முதலில் உப்பு.

புதுப் பாக்கெட்டைப் பிரிக்கும் அன்று அதன் மேலேயே பேனாவால் தேதி எழுதுங்கள். தீர்ந்ததும், மொத்தக் கிராமை நாட்களாலும் சாப்பிட்ட பெரியவர்களின் எண்ணிக்கையாலும் வகுங்கள். நான்கு பேர் உள்ள வீட்டில் 1 கிலோ 30 நாளில் தீர்ந்தால், ஆளுக்கு நாளொன்றுக்கு 8 கிராமுக்கு மேல் வருகிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது 5 கிராமுக்குள். அப்படியானால் நால்வருக்கு மாதம் 600 கிராம்தான். கடை ஊறுகாய், அப்பளம், கருவாடு இந்தக் கணக்கில் வராது, அதனால் உண்மை அளவு இன்னும் கூடுதலாக இருக்கலாம். திருவிழா, விசேஷம் என்று விருந்தாளிகள் வந்துபோகும் மாதத்தில் எடுத்த கணக்கு உதவாது.

குறைப்பதைக் கால் பங்கிலிருந்து தொடங்குங்கள். ஒரேயடியாகப் பாதியாக்கினால் வீட்டில் யாரும் சாப்பிட மாட்டார்கள், மறுவாரமே பழைய அளவு திரும்பிவிடும். மூன்று நான்கு வாரத்தில் நாக்கு பழகும், பிறகு இன்னும் கொஞ்சம் குறையுங்கள். குழம்பு வற்ற வற்ற உப்பு ஏறும் என்பதால் இறக்கும் நேரத்தில் போட்டு ருசி பாருங்கள். மிளகு, சீரகம், கல்பாசி, அன்னாசிப்பூவை அன்றன்றைக்கு வறுத்துப் பொடித்தால் உப்புக் குறைவு அவ்வளவாகத் தெரியாது. உப்புக்கண்டத்தை வெந்நீரில் ஊறவைத்து அந்த நீரைக் கொட்டிவிட்டுச் சமையுங்கள். மோர்மிளகாய், வத்தல், ஊறுகாய் மூன்றும் ஒரே இலையில் வேண்டாம்.

இந்துப்பு நல்லது என்று பலர் மாறுகிறார்கள். அதுவும் சோடியம் குளோரைடுதான், அளவு அதேதான். பொட்டாசியம் கலந்த உப்பு வேறு ரகம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் ரத்தக்கொதிப்பு மாத்திரை சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது.

எண்ணெய்க்கும் இதே தேதிக் கணக்குதான். உட்கார்ந்தே வேலை செய்பவருக்கு மாதம் முக்கால் லிட்டர், நால்வருக்கு 3 லிட்டர் போதும். சீயம், மனகோலம் மாதிரி எண்ணெய்ப் பலகாரம் சுடும் வாரத்தில் தாளிப்பைக் குறையுங்கள். பலகாரம் சுட்ட எண்ணெயில் புது எண்ணெயை ஊற்றி மறுபடி காய்ச்சாதீர்கள். வடிகட்டி, இரண்டொரு நாளில் தாளிக்கத் தீர்த்துவிடுங்கள். நுரைத்தாலோ, கறுத்தாலோ, சீக்கிரமே புகைந்தாலோ கொட்டிவிட வேண்டியதுதான்.

கவுனி எனும் கறுப்பரிசியில் நார்ச்சத்து உண்டு. ஆனால் சர்க்கரையும் நெய்யும் சேர்த்துக் கிளறினால் அது இனிப்புதான். சர்க்கரை நோயாளிக்கு ஒன்றிரண்டு கரண்டிக்கு மேல் கூடாது.

அடுத்து, டேப் எடுத்து இடுப்பை அளந்து பாருங்கள். வேட்டி, சேலை கட்டும் இடத்தில் வைத்தால் அளவு தவறும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பு மேட்டுக்கும் நடுவில், மூச்சை விட்ட பிறகு அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால், ஒல்லியாகத் தெரிந்தாலும் வெறும் வயிற்றுச் சர்க்கரையைப் பாருங்கள். 100 முதல் 125 வரை எச்சரிக்கை. 126-ஐத் தொட்டால் இன்னொரு நாள் திரும்பப் பார்த்து உறுதி செய்ய வேண்டும்.

வீட்டில் பிரஷர் பார்ப்பதில்தான் தவறுகள் அதிகம். காபி குடித்தோ, புகைத்தோ அரை மணி நேரம் கழிந்திருக்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து 5 நிமிஷம் பேசாமல் உட்காருங்கள். காலைத் தொங்கவிடாமல் தரையில் ஊன்றி, கையை நெஞ்சு மட்டத்தில் வையுங்கள். திண்ணையில் சம்மணமிட்டுப் பார்க்க வேண்டாம். கையில் சுற்றும் பட்டை சிறிதாக இருந்தால் அளவு கூடுதலாகக் காட்டும். காலையும் மாலையும் ஒரு நிமிஷ இடைவெளியில் இருமுறை என ஒரு வாரம் எழுதி, முதல் நாளை விட்டுவிட்டுச் சராசரி எடுங்கள். 135/85 அல்லது அதற்கு மேல் வந்தால் நோட்டோடு மருத்துவரிடம் போங்கள். கருவி இல்லாதவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே பார்ப்பார்கள்.

வெற்றிலையில் புகையிலையை மட்டும் விட்டால் போதும் என்று நினைக்காதீர்கள், பாக்கும் புற்றுநோய் தரும். நடை வாரம் 150 நிமிஷம், மூச்சு வாங்கினாலும் பேச முடிகிற வேகத்தில். வெயில் காலத்தில் வீட்டு உள்முற்றமான வளவைச் சுற்றியே நடக்கலாம்.