ஆர்எஃப்ஐடி டேக் வாங்கும் முன், எதில் ஒட்டப் போகிறீர்கள் என்று பாருங்கள்

ஆர்எஃப்ஐடி டேக் என்பது, ரீடர் என்ற கருவி ரேடியோ அலை மூலம் தொடாமலே படிக்கும் எண்ணைத் தாங்கிய சிறு சிப். அதை வாங்க வருபவர்கள் எடுத்ததும் கேட்பது, "எத்தனை மீட்டர் தூரத்தில் ரீட் ஆகும்?" அதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது, அதை எதன் மேல் ஒட்டப் போகிறீர்கள் என்பதைத்தான். அட்டைப்பெட்டியில் பல மீட்டர் தள்ளி ரீட் ஆகிற யுஎச்எஃப் (மிக உயர் அலைவரிசை) டேக் ஸ்டிக்கரை இரும்பு பீரோவில் ஒட்டினால் ரீடரைப் பக்கத்தில் கொண்டுபோனாலும் பேசாமல் இருக்கும், ஏனென்றால் உலோகம் அதன் ஆன்டெனாவின் ட்யூனிங்கையே மாற்றிவிடுகிறது. தண்ணீர் அலையை உறிஞ்சிவிடும், அதனால் தண்ணீர் பாட்டில், ஷாம்பூ என்றாலும் இதே தலைவலிதான்.

உலோகமா? ஆன்-மெட்டல் டேக் என்று கேட்டே வாங்குங்கள். ஆன்டெனாவுக்கும் உலோகத்துக்கும் நடுவில் ஓர் அடுக்கு இருப்பதால் தடிமனாக இருக்கும், விலையும் கூடும். இதில் மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள்.

அப்புறம் அலைவரிசை. 125, 134.2 கிலோஹெர்ட்ஸ் டேக்குகள் பெரும்பாலும் சில சென்டிமீட்டரில்தான் ரீட் ஆகும், ஆனால் ஈரமும் சதையும் அவற்றை அவ்வளவாகப் பாதிக்காது. நாய்க்குத் தோலுக்கடியில் போடும் சிப் இந்த வகை. நூலகப் புத்தகம், அடையாள அட்டை, போனில் தட்டிப் படிக்கும் என்எஃப்சி எல்லாம் 13.56 மெகாஹெர்ட்ஸ். கிடங்கு, துணிக்கடை ஸ்டாக் என்று நூற்றுக்கணக்கில் மொத்தமாகப் படிக்க வேண்டுமானால் 860 முதல் 960 மெகாஹெர்ட்ஸ் வரையிலான யுஎச்எஃப், இதில் எந்தப் பகுதிக்கு அனுமதி என்பது நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் டேக்கும் ரீடரும் உங்கள் நாட்டுக்கு ஏற்றவையா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கதவு திறக்கும் அட்டைக்குப் பழைய 125 கிலோஹெர்ட்ஸ் வகையை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். அதில் பெரும்பாலானவற்றில் குறியாக்கம் கிடையாது, மலிவான கருவியிலேயே நகல் எடுத்துவிடலாம். ஏஇஎஸ் என்ற வலுவான குறியாக்கம் உள்ள 13.56 மெகாஹெர்ட்ஸ் அட்டை எடுங்கள். சலவைக்குப் போகிற துணிக்கு வெப்பமும் அழுத்தமும் தாங்கும் சலவை டேக் தனியாக இருக்கிறது. நூறு மீட்டர், அதற்கு மேல் என்றால் பேட்டரி உள்ள ஆக்டிவ் டேக்தான், பேட்டரி எப்போது தீரும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாலைந்து வகையில் சாம்பிள் வாங்கி, மேசையில் வைத்துப் பார்க்காமல், பொருள் நிஜமாக இருக்கப்போகும் இடத்தில், அது அடுக்கப்படும் விதத்திலேயே ஒட்டிப் பாருங்கள், டேக்கின் திசை மாறினாலே தூரம் குறையும். ரோலாக ஆர்டர் போடும்போது ஒவ்வொரு டேக்கிலும் தனி எண் எழுதி வருமா, நாம்தான் எழுத வேண்டுமா என்றும் கேட்டுவிடுங்கள், ஏனென்றால் சில ரோல்களில் எல்லா டேக்கிலும் ஒரே எண்ணே இருக்கும்.