7 கிலோவும் 14 அறைகளும்: முதுகுப்பை வாங்கும்போது விடும் தவறுகள்

போன வருடம் என் பெறாமகன் வெளிநாட்டு வேலைக்கு வெளிக்கிட்ட அன்று, புதுக்குடியிருப்பில் எங்கள் வீட்டு விறாந்தையில் பாயை விரித்து அவனுடைய புது முதுகுப்பையில் சாமான் அடுக்கினோம். எண்ணிப் பார்த்தேன், 14 அறைகள். பேனாவுக்கு ஒன்று, சிம் கார்டுக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று. வாங்கிய நாளிலிருந்து வீட்டுக்கு வந்த எல்லோருக்கும் அதைத்தான் திறந்து திறந்து காட்டிக்கொண்டிருந்தான்.

மறுநாள் விடிய கட்டுநாயக்கா விமான நிலைய வாசலிலேயே பாஸ்போர்ட்டையும் ரிக்கெற்றையும் கேட்டார்கள். ரிக்கெற் கையில் இருந்தது. பாஸ்போர்ட்டைக் காணவில்லை. ஒவ்வொரு சிப்பாக இழுத்தான். பின்னால் வண்டிலோடு ஆட்கள் நிற்கிறார்கள், அவனுக்குக் கை நடுங்குகிறது. ஒன்பதாவதோ பத்தாவதோ அறையில், கண்ணாடி துடைக்கும் துணிக்கு அடியில் கிடந்தது. ஓமந்தை தாண்டின பிறகு பஸ்ஸில் ஒருதரம் வெளியே எடுத்துப் பார்த்தவன், இருட்டில் கைக்கு எட்டின அறைக்குள் திரும்ப வைத்திருக்கிறான்.

அறை கூடினால் ஒழுங்கும் கூடும் என்று நினைப்பதுதான் பை வாங்கப் போகிறவர்கள் விடும் முதல் தவறு. என்னைக் கேட்டால் மிச்ச எல்லாத் தவறையும்விடப் பெரியதும் அதுதான். அம்மா லைற் இல்லாமலே குசினிக்குள் போய் உப்புப் போத்தலை எடுத்துவருவார். எத்தனை தட்டு இருக்கிறது என்று எண்ணியா எடுக்கிறார்? கை பழகியிருக்கிறது, அவ்வளவுதான். ஒரு பையில் நாலைந்து இடம் என்றால் இரண்டு நாளில் கை பழகிவிடும். பதினான்கு ஒரு நாளும் பழகாது. அதோடு அந்த அறைகள் எல்லாம் இடத்தைப் பெரிய அறையிடமிருந்துதான் எடுக்கின்றன. கடையில் பை வெறுமையாக இருக்கும்போது முன்பக்க அறைக்குள் கை லேசாகப் போகும். உள்ளே உடுப்பை நிரப்பிவிட்டுப் பாருங்கள், அதே அறைக்குள் ஒரு சீப்பை நுழைக்கவே பாடாக இருக்கும். ஒவ்வொரு அறைக்கும் சிப், உட்துணி, தையல் என்று பையின் நிறையும் கூடுகிறது.

என் கணக்கில் ஐந்து இடம் போதும். உடுப்புக்கு ஒரு பெரிய அறை. முதுகோடு ஒட்டி லப்டொப்புக்கு ஒன்று. மேலே, சட்டென்று கைவிட்டு எடுக்க ஒன்று. முதுகு படும் பக்கத்தில் மறைவாகப் பாஸ்போர்ட்டுக்கு ஒன்று. பக்கவாட்டில் தண்ணீர்ப் போத்தலுக்கு ஒன்று.

ஏன் இந்த ஐந்து என்றால், எங்கள் ஆட்களின் விமானப் பயணம் விமான நிலையத்தில் தொடங்குவதில்லை. முல்லைத்தீவுப் பக்கம் ரயில் இல்லை. ஒட்டுசுட்டான் வழியாக மாங்குளத்துக்கோ, இல்லாவிட்டால் பரந்தனுக்கோ வந்து ஏ9 வீதியில் கொழும்பு பஸ் பிடிக்கவேண்டும். கிளிநொச்சியில் ரயில் ஏறுபவர்களுக்கும் விமானத்துக்கு முன்னால் அரை நாள் பயணம் இருக்கிறது. பஸ்ஸில் ஏசிக் குளிருக்கு ஒரு சால்வை வேண்டும், தலையிடிக்குக் குளிசை வேண்டும், போனுக்குச் சார்ஜர் வேண்டும். பெரிய அறையை மூன்று பக்கமும் சிப் இழுத்துப் புத்தகம் போல விரிக்கக்கூடிய பைகள் இப்போது நிறைய வருகின்றன. தங்குமிடத்தில் அதைப்போலச் சுகம் வேறில்லை, உள்ளே இருப்பதெல்லாம் ஒரே பார்வையில் தெரியும். ஆனால் பஸ் சீற்றில் மடியில் வைத்து அப்படி விரிக்க முடியாது. அதற்குத்தான் மேல் அறை. பாதுகாப்புச் சோதனையில் லப்டொப்பை எடுத்துத் தட்டில் வைக்கச் சொல்லுவார்கள். உடுப்பு அறையைத் திறக்காமல் அதை மட்டும் உருவக்கூடியதாகப் பார்த்து எடுங்கள். லப்டொப் உறைக்குள் விரலை அடிவரை விட்டுப் பாருங்கள். உறை, பையின் அடித்தளத்துக்கு ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் மேலேயே முடிந்திருக்க வேண்டும். அடிவரை போகிறது என்றால், பையை நிலத்தில் தொப்பென்று வைக்கும் ஒவ்வொரு தரமும் அடி வாங்குவது லப்டொப்தான்.

அளவு விஷயத்தில் ஆட்கள் லீற்றரைப் பார்த்து ஏமாறுகிறார்கள். விமானத்தில் யாரும் லீற்றர் கேட்பதில்லை, உயரம், அகலம், தடிப்பு மூன்றையும்தான் பார்ப்பார்கள். இண்டிகோ விமானத்தில் 55, 35, 25 சென்ரிமீற்றர். எயார் அரேபியாவில் 55, 40, 20. இரண்டுக்கும் பொருந்த வேண்டுமென்றால் ஒவ்வொன்றிலும் சின்னதை எடுங்கள்: 55, 35, 20. பெருக்கினால் 38.5 லீற்றர். ஆகவே 45 லீற்றர், 50 லீற்றர் என்று எழுதிவிட்டு 'ஹான்ட் லக்கேஜ்' என்றும் சொல்லி விற்கும் பையை நம்பி வாங்க வேண்டாம். அளக்கும்போது கைபிடி, பட்டி எல்லாம் சேர்த்து, பையை நிரப்பிவிட்டு அளக்க வேண்டும். துணிப் பை நிரம்பினால் வயிறு தள்ளும், 20 என்று எழுதியிருப்பது 26 ஆகிவிடும். யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னைக்குப் போகிறவர்கள் இதை இன்னும் கவனிக்க வேண்டும். அங்கே பறப்பது ஏடிஆர் என்ற சின்ன விமானம், தலைக்கு மேலே இருக்கும் தட்டும் சின்னது.

நிறையும் அப்படித்தான். பல விமானங்களில் கைப்பைக்கு 7 கிலோ, சிலதில் 10. விதி மாறிக்கொண்டிருக்கும், ரிக்கெற் எடுத்த அன்றே பார்த்துவிடுங்கள். வெறும் பையே 1.8 கிலோ என்றால் 7இல் உங்களுக்கு மிஞ்சுவது 5.2. லப்டொப்பும் சார்ஜரும் 2 கிலோ. உடுப்புக்கும் மற்றதுக்கும் மூன்று கிலோ சொச்சம். கடைக்குப் போகும்போது மீன் நிறுக்கும் சின்னத் தொங்கு தராசு ஒன்றைக் கொண்டுபோய், வெறும் பையை மாட்டிப் பார்க்கலாம். கடைக்காரர் ஒன்றும் நினைக்கமாட்டார். 1.2 கிலோவுக்குள் ஒரு பை கிடைத்தால், அரைக் கிலோவுக்கு மேல் உங்களுக்கு லாபம்.

இன்னொன்று, கடையில் பை அழகாக நிமிர்ந்து நிற்பது உள்ளே அடைத்திருக்கும் காகிதத்தால். அதை எடுக்கச் சொல்லுங்கள். வீட்டிலிருந்து இரண்டு சேட், ஒரு சாரம், ஒரு துவாய், சார்ஜர், போத்தல் என்று கொண்டுபோய் அங்கேயே நிரப்பி, ஒரு கையால் சிப்பை மூலை திருப்பிப் பாருங்கள். மூலையில் இறுகுகிற சிப் என்றால் அந்தப் பை வேண்டாம்.

சிப்பைப் பற்றி எனக்குச் சொல்லித்தந்தவர் கிளிநொச்சியில் தையல் கடை வைத்திருக்கும் ஓர் அக்கா. அவரிடம் திருத்த வரும் பைகளில் துணி கிழிந்தது குறைவாம். சிப்பும் தோள்பட்டியின் அடியும்தான் கூடுதலாம். ஒருநாள் பழுதான பை ஒன்றை என் கையில் தந்து, சிப்பின் ஓடியை, அதுதான் இழுக்கும்போது பல்லுகளைச் சேர்க்கும் துண்டை, காட்டினார். அதன் இரண்டு இதழும் ஒரு மயிரளவு விரிந்திருந்தது. பல்லுகள் எல்லாம் நல்லாத்தான் இருந்தன, ஆனால் ஓடி அவற்றைச் சேர்த்து அமத்தவில்லை. பல்லுகளுக்கு இடையில் செம்மண். எங்கள் வீதிப் புழுதி அரத்தூள் மாதிரி வேலை செய்து ஓடியைத் தேய்த்துவிடுகிறது. 'பழைய பிரஷால தட்டி, மெழுகுதிரிய ஒருக்கா இழுத்துவிட்டா இது இப்பிடி ஆகியிராது தம்பி' என்றார். பெரிய அறையின் சிப் மட்டுமாவது தடித்த பல்லோடு இருக்க வேண்டும் என்பது அவருடைய கணக்கு. வைகேகே என்ற ஜப்பான் நிறுவனத்தின் பெயர் ஓடியில் பொறித்திருந்தால் நல்லதுதான். ஆனால் அந்தப் பெயரிலும் போலி வருகிறது. இழுத்துப் பார்க்காமல் பெயரை மட்டும் நம்ப வேண்டாம்.

தோள்பட்டியின் அடியைப் புரட்டிப் பாருங்கள். நேராக ஒற்றைத் தையல் ஓடியிருந்தால் போதாது. பட்டி பையோடு சேரும் இடத்தில் நூல் நெருக்கமாக, ஒரு சின்னக் கட்டை போலத் திரண்டிருக்க வேண்டும். பெருக்கல் குறிபோட்ட பெட்டித் தையலும் நல்லது.

துணியைப் பொறுத்தவரை, உட்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். தண்ணீர் புகாமலிருக்க உள்ளே ஒரு பூச்சு பூசியிருப்பார்கள். வெக்கையும் ஈரப்பதனும் சேர்ந்தால் அந்தப் பூச்சு சில வருடத்தில் பிசுபிசுத்து, பிறகு வெள்ளைப் பொருக்காக உதிரும். கடையில் பல காலம் கிடந்த பைக்கு இது அங்கேயே தொடங்கியிருக்கும். விலை குறைத்துத் தந்தாலும் விட்டுவிடுங்கள். நல்ல பூச்சு இருந்தாலும் ஐப்பசி கார்த்திகை மழையில் தண்ணீர் தையல் ஓட்டை வழியாகவும் சிப் வழியாகவும் வரத்தான் செய்யும். 'நீர் புகாது' என்ற சீட்டைப் பார்த்து மழை உறை இல்லாமல் வெளிக்கிடாதீர்கள். ஒரு தடித்த சொப்பிங் பாக்கைப் பெரிய அறைக்குள் விரித்து அதற்குள் உடுப்பை வைத்தால், மழை உறையைவிட நிச்சயம். திரும்பி வந்த பிறகு பையை அதே பொலித்தீனில் சுற்றி அலுமாரியில் வைக்க வேண்டாம், பூஞ்சணம் பிடிக்கும்.

உள்ளே பிரித்து வைக்க விலை கூடிய சதுரப் பைகள் விற்கிறார்கள். நான் அந்த அக்காவிடமே நுளம்பு வலைத் துணியில் மூன்று பை தைப்பித்தேன், வாய்க்குச் சிப்போடு. உள்ளே என்ன இருக்கிறதென்று வலையினூடாகத் தெரியும், காற்றுப் போகும், நிறை இல்லையென்றே சொல்லலாம். ஒன்றில் மேல் உடுப்பு, ஒன்றில் உள்ளுடுப்பு, மூன்றாவது போகும்போது வெறுமை, வரும்போது ஊத்தை உடுப்பு. பத்து அறை செய்யாத வேலையை இது செய்தது.

அப்புறம் தேன். எங்கள் பக்கத்திலிருந்து போகிறவர்களின் பையில் காட்டுத்தேன் இல்லாமல் இருக்குமா? சோதனைக்காரருக்குத் தேன் என்றால் திரவம். ஊறுகாயும் அப்படித்தான். 2006க்குப் பிறகு வந்த விதிப்படி கைப்பையில் ஒவ்வொரு போத்தலும் 100 மில்லிலீற்றருக்குள் இருக்க வேண்டும், எல்லாம் சேர்ந்து ஒரு லீற்றர் கொள்ளும் தெளிவான பைக்குள் அடங்க வேண்டும். பார்ப்பது போத்தலின் அளவை, உள்ளே இருக்கும் அளவை இல்லை. பெரிய போத்தலின் அடியில் இரண்டு விரல் தேன் கிடந்தாலும் எடுத்துவிடுவார்கள். என் மாமி தந்த போத்தலை அப்படி ஒருதரம் என் கையாலேயே தொட்டிக்குள் போட்டிருக்கிறேன், இன்றைக்கும் அந்தத் துக்கம் போகவில்லை. தேனையும் ஊறுகாயையும் கீழே போகும் பெட்டிக்கு மாற்றுங்கள். பனங்கட்டி, புழுக்கொடியல், மிளகாய்த்தூள் திரவம் இல்லை, ஆனால் தூளைக் கைப்பையில் வைத்தால் திறந்து பார்த்து நேரம் எடுப்பார்கள், அதுவும் பெட்டிக்கே. இறங்கும் நாட்டில் எந்தச் சாப்பாட்டுச் சாமானை உள்ளே விடுவார்கள் என்பதையும் முதலே கேட்டுவைக்க வேண்டும்.

பவர் பாங்க் இதற்கு நேர் எதிர். அது பெட்டிக்குள் போகவே கூடாது, கையோடுதான். 20,000 மில்லி அம்பியர் மணி என்று எழுதியிருப்பது 74 வாட் மணி, 100 வரை பொதுவாகப் பிரச்சினை இல்லை. விமானம் நிறைந்துவிட்டால் கடைசி வாசலில் உங்கள் முதுகுப்பையை வாங்கிக் கீழே போடச் சொல்லுவார்கள். அந்த நேரத்தில் பவர் பாங்க், குளிசைகள், பாஸ்போர்ட், காசு நாலையும் ஒரே இழுவையில் வெளியே எடுக்க முடிகிறதா? பலரும் இதை யோசிப்பதில்லை. நாலும் நாலு அறையில் இருந்தால் அங்கே நின்று தேட வேண்டியதுதான். நான் பைக்குள் இன்னொரு சின்னப் பை வைத்திருக்கிறேன், கழுத்தில் போடும் பட்டியோடு. முதுகுப் பக்கத்து மறைவறையில் அப்படியே படுத்துக்கிடக்கும்.

அந்த யோசனை எனக்குப் புதிதாக வந்ததில்லை. 2008, 2009இல் ஊர் ஊராக இடம்பெயர்ந்தபோது அம்மா பிறப்புச் சாட்சிப் பத்திரங்களையும் காணி உறுதியையும் அடையாள அட்டைகளையும் பொலித்தீனில் சுற்றி ஒரு துணிப் பையில் போட்டு, அதை மட்டும் உடம்போடு வைத்திருந்தார். சாமானெல்லாம் வழியில் ஒவ்வொன்றாகக் கைவிட்டோம். அந்தப் பை வந்துசேர்ந்தது. பத்திரங்களைத் தொலைத்த குடும்பங்கள் பிறகு ஒவ்வொரு பிரதிக்கும் கந்தோர் கந்தோராக அலைந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். பிரதானமான கடதாசி எல்லாம் ஒரே இடத்தில், உடம்போடு. பை வாங்கும்போது அந்த இடம் இருக்கிறதா என்றுதான் நான் முதலில் பார்க்கிறேன்.

பெறாமகன் லீவில் வந்து திரும்பிப் போனபோது அவனுக்கும் அப்படிக் கழுத்தில் போடும் சின்னப் பை ஒன்று தைப்பித்தேன். கிளிநொச்சியில் பஸ் ஏறி, முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் வழமைபோல நிறுத்தினார்கள். பெரிய பை மேல் தட்டிலேயே கிடந்தது. அவன் கழுத்தில் சின்னப் பையோடு இறங்கி, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, கச்சானும் வாங்கிக்கொண்டு ஏறினான்.