சிங்கப்பூர் வீடுகளில் கருந்தோல் மாதுளை வளர்க்கும் முறை

தேக்கா சந்தையில் நாம் வாங்கும் மாதுளையின் செந்நிறத்துக்கும் கருந்தோல் மாதுளையின் கருமைக்கும் காரணம் ஒன்றே: தோலில் உள்ள ஆந்தோசயனின் என்னும் நிறமி. கருந்தோல் வகைகளில் இந்நிறமி பிஞ்சுப் பருவத்திலிருந்தே அடர்ந்து சேர்வதால், காய் முதலில் கருஞ்சிவப்பாகவும் பின்னர் ஏறத்தாழ நாவற்பழ நிறமாகவும் தோன்றுகிறது. தோல் கறுத்திருந்தாலும் உள்ளே இருக்கும் முத்துகள் கருமையாக இருப்பதில்லை. அவை இளஞ்சிவப்பாகவோ சிவப்பாகவோதான் இருக்கும்.

பெரிய கனி தரும் கருந்தோல் வகைகள் ஈரானில் உள்ளன. தொட்டியில் வளர்ப்பதற்கு ஏற்றது ஒரு மீட்டருக்கு மேல் அதிகம் உயராத குட்டை வகை. அதன் கனிகள் சிறியவை, புளிப்பானவை. ஆனால் பூவும் காயும் ஒரே செடியில் சேர்ந்து நிற்கும் அழகுக்காகவே அதை வளர்க்கலாம் என்பது என் உறுதியான கருத்து. கன்று வாங்கும்போது, தாய்ச்செடியின் கிளைத்துண்டிலிருந்தோ பதியனிலிருந்தோ (செடியில் இருக்கும்போதே வேர்விடச் செய்த கிளையிலிருந்தோ) வளர்த்த கன்றா என்று கேட்டு வாங்க வேண்டும். விதையிலிருந்து முளைக்கும் செடி தாயின் குணத்தை அப்படியே கொண்டிருக்கும் என்பதற்கு உறுதியில்லை. சில ஆண்டுகள் காத்திருந்து, கடைசியில் சாதாரணச் செந்தோல் காயைக் காண நேரிடலாம்.

மாதுளை வறண்ட நிலத்துச் செடி. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் அதிகமாக மழை பெய்யும் சிங்கப்பூரில் அதற்குக் கடும் வெயிலைவிட ஓயாத ஈரமே பகையாகிறது. வேரில் நீர் தேங்கினால் இலைகள் மஞ்சளித்து உதிரும். இலையும் பூவும் நனைந்தபடியே இருந்தால் பூஞ்சைப் புள்ளிகள் பரவும். காய்ந்து கிடந்த தொட்டியில் திடீரெனப் பெருமழை பெய்தால் முற்றிய காய்கள் வெடிக்கும். ஆகவே, மழைச்சாரல் படாமல் வெயில் மட்டும் விழும் இடமே முதலில் தேட வேண்டியது. இதில் தரைவீட்டுத் தோட்டத்தைவிட வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டின் கூரையுள்ள நடைபாதை ஒரு வகையில் மேலானது என்பேன், ஏனெனில் அங்கே நீரின் அளவு முழுவதும் நம் கையில் இருக்கிறது.

நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் விழ வேண்டும். நிழலில் வளரும் செடி இலைகளை மட்டுமே பெருக்கும். காய்த்தாலும் தோலில் நிறம் முழுமையாக ஏறாது. நாம் நிலநடுக்கோட்டை ஒட்டி இருப்பதால், வடக்குப் பார்த்த மாடத்தில் ஆண்டின் நடுப்பகுதியிலும் தெற்குப் பார்த்த மாடத்தில் ஆண்டிறுதியிலும்தான் நேரடி வெயில் விழும். கிழக்கு அல்லது மேற்குப் பார்த்த இடமே ஆண்டு முழுவதும் கைகொடுக்கும். நடைபாதையில் வைப்பவர்கள் 1.2 மீட்டர் அகல வழியைத் தடையின்றி விட வேண்டும். தொட்டியின் அடித்தட்டை எடுத்துவிடுவது நல்லது; அதில் தேங்கும் நீர் வேரையும் கெடுக்கும், ஏடிஸ் கொசுவையும் பெருக்கும்.

குட்டை வகைக்கு 30 சென்டிமீட்டர் அகலத் தொட்டி போதும். கடையில் விற்கும் தொட்டிமண் தனியாகப் பயன்படுத்தினால் ஈரத்தை நெடுநேரம் பிடித்துவைக்கும் என்பதால், இரண்டு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு பெர்லைட் (நீரை வடியவிடும் இலேசான வெண்மணிகள்) அல்லது பொடித்த எரிமலைக்கல்லும் ஒரு பங்கு மட்கிய உரமும் கலந்துகொள்ள வேண்டும். மேல்மண் விரலின் இரண்டு கணு ஆழத்துக்குக் காய்ந்த பிறகே, அடித்துளை வழியாக வழியும் அளவுக்கு நீர் ஊற்ற வேண்டும்.

பூக்களைக் கவனித்துப் பார்ப்பது அவசியம். அடிப்பகுதி குடம்போல் பருத்த பூக்களே காய்க்கும். மணிபோல் அடி குறுகிய பூக்கள் மகரந்தம் தந்துவிட்டு உதிர்ந்துவிடும், அதைக் கண்டு கவலைப்பட வேண்டியதில்லை. உயரமான மாடிகளில் தேனீக்கள் அரிதாகவே வரும் என்பதால், உலர்ந்த காலை வேளையில் மெல்லிய தூரிகையால் மணிப்பூவின் மகரந்தத்தை எடுத்துக் குடப்பூவின் நடுவே தடவிவிட வேண்டும். பூக்காமல் தழைத்துக்கொண்டே போகும் செடிக்குத் தமிழகத் தோட்டக்காரர்களும் மகாராஷ்டிர விவசாயிகளும் அறிந்த வழி ஒன்று உண்டு: நீரைக் குறைத்து வாடவிட்டு, கவாத்து செய்து (கிளைகளை நறுக்கி), உரமிட்டு மீண்டும் நீர் பாய்ச்சுவது. இங்கே அதற்கு ஏற்ற காலம் மழை குறையும் பிப்ரவரி. தொட்டிச்செடியை இலைகள் இலேசாகத் தொங்கும் வரை மட்டும் வாடவிட வேண்டும், அதற்கு மேல் தாங்காது. கவாத்தின்போது அடியில் முளைக்கும் வேரடிக் குருத்துகளையும் உள்நோக்கி வளரும் கிளைகளையும் நீக்கினால் போதும். இரண்டு, மூன்று ஆண்டுக் கிளைகளின் குறுந்தளிர்களிலும் பூ வரும் என்பதால் கண்மூடித்தனமாக வெட்டக் கூடாது. தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்த உரம் இலையைத்தான் வளர்க்கும். மொட்டு கட்டியதும் சாம்பல்சத்து (பொட்டாசியம்) கூடுதலாக உள்ள உரத்துக்கு மாறுவது நல்லது.

மாவுப்பூச்சியும் அசுவினியும் வந்தால் முதலில் நீரைப் பீய்ச்சிக் கழுவி, பிறகு வேப்பெண்ணெயும் சில துளி சோப்பும் கலந்த கரைசலை மாலையில் தெளிக்கலாம். காய் பருக்கத் தொடங்கும்போதே மெல்லிய வலைப்பையால் மூடினால் பழ ஈயும் அணிலும் அண்டாது.

அறுவடையில்தான் கருந்தோல் வகை பலரையும் ஏமாற்றுகிறது. நிறத்தைப் பார்த்துப் பறிக்கும் பழக்கம் இங்கே உதவாது, ஏனெனில் முற்றாத காயும் கறுத்தே இருக்கும். பறித்த பின் மாதுளை மேலும் பழுப்பதுமில்லை. பெரிய வகைக்குக் காய் பிடித்ததிலிருந்து ஐந்து முதல் ஏழு மாதங்கள் ஆகும். உருண்டையாக இருந்த காயின் பக்கங்கள் சற்றுத் தட்டையாகி விளிம்பு தெரியத் தொடங்கும். முடிபோன்ற புல்லியிதழ்கள் உள்நோக்கி மடங்கும். விரலால் சுண்டினால் உலோகத்தைத் தட்டியது போன்ற ஓசை வரும். இம்மூன்றும் சேர்ந்த பிறகு, பிடித்து இழுக்காமல், காம்பை ஒட்டிக் கத்தரிக்கோலால் வெட்டி எடுக்க வேண்டும்.