தோல் உறைக்குள் வைத்த காந்தம் ஏன் சொன்னபடி கேட்பதில்லை? சரியாக வைக்கும் முறை

உளிக்கோ கத்தரிக்கோ சின்னக் கோடாரிக்கோ தோல் உறை தைக்கும்போது பட்டனுக்குப் பதிலாகக் காந்தம் வைக்கலாமே என்று எல்லோருக்கும் ஒருநாள் தோன்றும். நல்ல யோசனைதான். ஆனால் மேஜையில் இருக்கும்போது நகம் வலிக்க வலிக்கப் பிரித்தெடுத்த அதே காந்தம், தைத்து முடித்து உறையைக் கவிழ்த்ததும் கருவியைக் கீழே விட்டுவிடும். இன்னொரு உறையில் மூடி ஒட்டாமல் எகிறித் திறக்கும். வேறொன்றில் ஆறு மாதம் கழித்துத் தோலில் கறுப்பாக ஒரு வட்டம் தெரியும். புதிதாகத் தோல்வேலை பழகுகிறவர்கள் இதைப் பார்த்துக் காந்தமே மோசம் என்று முடிவு கட்டி, இன்னும் பெரிதாக ஒன்றை வாங்கப் போய்விடுகிறார்கள். வேண்டாம். இதில் பெரும்பாலானவற்றைத் தைப்பதற்கு முன்பே, தோல் துண்டையும் கருவியையும் கையில் வைத்துக்கொண்டே கண்டுபிடித்துவிடலாம். தைத்த பிறகு பிரித்தால் துளைகள் கிழிந்து தோலே வீணாகும், அதனால்தான் சோதனையை முன்னால் வைக்கச் சொல்கிறேன்.

முதலில் கருவியைச் சோதியுங்கள்

காந்தத்தைக் கருவியின் மேல் முழுக்க நகர்த்திப் பாருங்கள், ஒரே இடத்தில் ஒட்டிப் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். கார்பன் ஸ்டீல், குரோம் வனேடியம் ஸ்டீல், ஹைஸ்பீடு ஸ்டீல் எல்லாம் நன்றாக ஒட்டும். பித்தளையும் டைட்டானியமும் ஒட்டாது. குழப்பம் வருவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில்தான். கத்திகளில் வரும் 420, 440சி வகைகள் ஒட்டும். 304, 316 வகைகள் ஒட்டாது. அதிலும் ஒரு வேடிக்கை: 304 தகட்டைக் குளிர்ந்த நிலையில் வளைத்தால், வளைந்த இடத்தில் மட்டும் உலோகத்தின் உள்ளமைப்பு மாறி லேசாகக் காந்தம் பிடிக்கும். அதனால் தட்டையான இடத்தில் ஒட்டாத கருவி வளைவில் மெல்ல ஒட்டினால் ஆச்சரியப்பட வேண்டாம், ஆனால் அதை நம்பி உறை தைக்கவும் வேண்டாம்.

கருவியின் தடிமனும் முக்கியம். ஒரு மில்லிமீட்டர் தகட்டால் பெரிய காந்தத்தின் முழு வலுவையும் உள்ளே வாங்க முடியாது, அது சீக்கிரமே நிறைந்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு பெரிய காந்தம் வைத்தாலும் பிடி அவ்வளவாக அதிகரிக்காது, உறைதான் தடிக்கும்.

காந்தமும் இடைவெளியும்

நியோடிமியம் வட்டக் காந்தங்கள் போதும். 10 மி.மீ. அகலம், 2 அல்லது 3 மி.மீ. தடிமன் இருந்தால் சின்னக் கருவிகளுக்குத் தாராளம். பொட்டலத்தில் போட்டிருக்கும் இழுவை எடையை அப்படியே நம்பாதீர்கள். அது தடிமனான, வழவழப்பான இரும்புத் தகட்டில் நேரடியாக ஒட்டவைத்து, நேர் செங்குத்தாக இழுத்து அளந்த எண். உறைக்குள் அந்த மூன்றுமே இல்லை: இடையில் தோல் இருக்கிறது, கருவி மெலிதாக இருக்கிறது, அப்புறம் நாம் இழுப்பது பக்கவாட்டில்.

இடைவெளி எவ்வளவு கெடுக்கிறது என்று கையாலேயே தெரிந்துகொள்ளுங்கள். காந்தத்துக்கும் கருவிக்கும் நடுவே ஒரு காகிதம் வையுங்கள், பிறகு 1 மி.மீ. தோல், பிறகு 2 மி.மீ. தோல். 2 மி.மீ. வரும்போது இழுவையில் பெரும்பகுதி போயிருக்கும். அதனால் காந்தத்தை இரண்டு தோல் அடுக்குக்கு நடுவே வைக்கும்போது, கருவியைத் தொடும் அடுக்கை அந்த இடத்தில் மட்டும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகச் சீவிக்கொள்ளுங்கள். வெளியடுக்கு எவ்வளவு தடித்தாலும் பரவாயில்லை. காந்தத்தின் முதுகில் மெல்லிய இரும்புத் தகடு ஒன்றை வைத்தால் வெளிப்பக்கம் வீணாகும் வலு உள்பக்கம் திரும்பும், இது பெரிய காந்தம் வாங்குவதைவிடப் பயனுள்ள வேலை.

எந்த இடத்தில் வைப்பது

இங்கேதான் நிறையப் பேர் தவறவிடுகிறார்கள். கருவியை உறையிலிருந்து உருவும்போது காந்தத்தின் மேலேயே வழுக்கிக்கொண்டு போகிறது. அப்படி வழுக்குவதைத் தடுப்பது முக்கியமாக உராய்வுதான், எனவே நேராகப் பிரித்தெடுக்கத் தேவைப்படும் வலுவில் ஒரு பங்கு இருந்தாலே கருவி நகர்ந்துவிடும். ஒரே அகலமுள்ள உளியின் தகட்டுக்கு நடுவே காந்தத்தை வைத்தால், உருவும்போது வழி முழுக்க இழுவை இருக்கும், ஆனால் எந்த இடத்திலும் ‘டக்’கென்று உட்காராது. உறையின் வாய்ப்பக்கம் வைத்தால் இன்னும் மோசம்: உள்ளே விடும்போதும் எடுக்கும்போதும் தகடு முழுவதும் காந்தத்தை உரசிக்கொண்டே போகும்.

அந்த ‘டக்’ எப்போது வருகிறது என்றால், இரும்பு முடிகிற அல்லது திடீரென்று அகலமாகிற இடத்தில். இரும்பு காந்தத்தை மூடும் இடத்துக்குள் தானாகவே இழுபடும், விலகும்போது எதிர்க்கும். கத்தரியின் திருகு இருக்கும் அகலமான பகுதி, உளியின் தோள், கோடாரியின் தடித்த முதுகு, இவைதான் நல்ல இடங்கள். குறடு, ஸ்பேனர் மாதிரி முனை மழுங்கிய கருவிகளுக்கு உறையின் அடியிலேயே வைக்கலாம்: கடைசி ஒரு விரல் தூரத்தில் கருவி தானே உள்ளே போய் உட்காருவது அவ்வளவு திருப்தியாக இருக்கும்.

கூர்மையான விளிம்புக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள். காந்தம் விளிம்பைத் தோலின் மேல் அழுத்தி வைத்துக்கொள்ளும், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டும், ஒருநாள் நூலும் அறுந்துவிடும். தகட்டின் தட்டையான பக்கத்தை நோக்கியே இழுவை இருக்கட்டும்.

இடத்தை முடிவு செய்ததும் காந்தத்தை வெளியிலிருந்து டேப் போட்டு ஒட்டி, கவ்விகளால் உறையைப் பிடித்து, கவிழ்த்துக் குலுக்கிப் பாருங்கள். நின்றால் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

துருவம்

காந்தம் வெறும் இரும்புக் கருவியைப் பிடிக்கிறது என்றால் எந்தப் பக்கம் மேலே இருந்தாலும் ஒன்றுதான். மூடியில் ஒன்று, உறையில் ஒன்று என்று ஜோடியாக வைக்கும்போதுதான் துருவம் பார்க்க வேண்டும். இரண்டையும் ஒட்டவிட்டு, வெளியே தெரியும் இரண்டு முகங்களிலும் மார்க்கரால் புள்ளி வையுங்கள். தைக்கும்போது புள்ளியுள்ள முகம் எப்போதும் ஜோடிக் காந்தத்தைப் பார்க்காமல் அதற்கு எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும் (மூடியில் வெளிப்பக்கம், உறையில் உள்பக்கம்), அவ்வளவுதான். ஒரே பக்கத்தில் அருகருகே இரண்டு காந்தம் வைப்பதானால் ஒன்றைத் திருப்பி வையுங்கள், பின்னால் இரண்டையும் சேர்த்து ஒரே இரும்புத் தகடு கொடுங்கள், பிடி நன்றாகக் கூடும். ஆனால் பசை காயும்வரை அவை ஒன்றை நோக்கி ஒன்று தாவப் பார்க்கும், அதனால் ஒன்று முழுக்கக் காய்ந்த பிறகு அடுத்ததை ஒட்டுங்கள்.

குழி, பசை, தையல்

காந்தத்தின் அளவுக்கே வட்டத் துளையுளியால் நடு அடுக்கில் துளை போட்டு, காந்தத்தை அதில் பொருத்தி, இருபுறமும் தோலை ஒட்டுங்கள். சுத்தியலால் தட்டி இறக்கக் கூடாது. நியோடிமியம் காந்தம் பொடியை இறுக்கிச் சூடேற்றிச் செய்தது, கண்ணாடி மாதிரி சிதறும். மேலுள்ள நிக்கல் பூச்சில் ஒரு சின்ன விரிசல் விழுந்தாலே போதும், உள்ளே இருக்கும் இரும்பு ஈரத்தைப் பிடித்துத் துருவேறி நாளடைவில் பொடியாகும். மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோலானால் அதிலுள்ள டானினும் இரும்பும் சேர்ந்து கருநீலக் கறை உண்டாகும். பழைய காலத்து எழுதும் மையைத் தயாரித்ததும் இதே வினையால்தான். நான் ஆரம்பத்தில் சொன்ன கறுப்பு வட்டம் இதுதான், வந்தால் போகாது. எனவே பூச்சு உரிந்த காந்தத்தை ஒதுக்கிவிடுங்கள், நல்லதையும் எபாக்ஸி பூசிக் காயவைத்துவிட்டு வையுங்கள்.

தோலை நனைத்து அச்சுப் பிடிப்பதும் மெழுகில் முக்குவதும் காந்தம் வைப்பதற்கு முன்பே முடியட்டும். சாதாரண நியோடிமியம் 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடானால் வலுவை நிரந்தரமாக இழக்கத் தொடங்கும். தேன்மெழுகு 60 டிகிரிக்குச் சற்று மேலேயே உருகிவிடும்தான், ஆனால் அடுப்பில் வைத்த மெழுகு 80-ஐத் தாண்ட அதிக நேரம் ஆகாது. சூட்டுத் துப்பாக்கியால் காயவைத்த உறையில் பிடி செத்துப்போவதற்கும் இதுதான் காரணம்.

தைக்கும் ஊசி காந்தத்தின் பக்கம் சாயும், பக்கத்திலேயே தைத்தால் எரிச்சலாக இருக்கும். தையல் கோட்டுக்கும் காந்தத்துக்கும் நடுவே 6 மி.மீ.யாவது விடுங்கள். மீதமான காந்தங்களைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். இரண்டை விழுங்கினால் குடல் சுவரை நடுவே வைத்துக் கவ்விக்கொள்ளும், உயிருக்கே ஆபத்து. பேஸ்மேக்கர் வைத்தவர் இடுப்பிலோ மார்பிலோ அணியப்போகும் உறை என்றால் காந்தமே வேண்டாம்.

கருவியே காந்தமாகிவிட்டால்

கடினப்படுத்திய எஃகு காந்தத்தன்மையை எளிதில் விடாது. சில வாரங்களில் உளி முனையில் இரும்புத்தூள் மீசை மாதிரி நிற்பதைப் பார்க்கலாம், சாணை பிடிக்கும்போது அந்தத் தூளே விளிம்பைக் கீறும். மாறுமின்சாரத்தில் ஓடும் காந்தநீக்கியின் மேல் கருவியை வைத்து, சுவிட்சை அணைக்காமல், மெல்ல ஒரு கை தூரத்துக்கு விலக்கிய பிறகே அணையுங்கள். பக்கத்தில் வைத்தபடியே அணைத்தால் மறுபடி காந்தமேறி நிற்கும். காய்ச்சிப் போக்கலாம் என்று நினைக்காதீர்கள், இரும்பின் காந்தத்தன்மை போக 770 டிகிரி தேவை, அதற்குள் உளியின் பதம் போய்விடும். அடிக்கடி சாணை பிடிக்கும் உளிக்கும் செதுக்குக் கத்திக்கும் நான் காந்தத்தைத் தகட்டுக்குப் பக்கத்தில் வைப்பதே இல்லை. கைப்பிடியைச் சுற்றி வரும் வாரில் ஒன்று, உறையின் வெளிமுகத்தில் ஒன்று என்று ஜோடியாகத் தைத்துவிடுவேன்.