நர்சிங் படிப்புக்கான பண உதவி: கல்லூரியில் சேர்வதற்கு முன்பே செய்ய வேண்டியவை

தமிழ்நாட்டில் நர்சிங் படிக்க விரும்பும் மாணவர்களுக்குக் கிடைக்கக்கூடிய உதவிகளில் பெரும்பாலானவை, அவர்கள் எந்தக் கல்லூரியில், எந்த ஒதுக்கீட்டில் சேர்கிறார்கள் என்பதைப் பொறுத்தே அமைகின்றன. ஆனால் பல குடும்பங்களில் நகையை அடகு வைத்து முன்பணம் கட்டி இடத்தைப் பிடித்துவிட்டு, அதன் பிறகுதான் ஸ்காலர்ஷிப் பற்றி விசாரிக்கிறார்கள். அதற்குள் சில கதவுகள் மூடியிருக்கும். எனவே, சேர்க்கைக்கு முன்பு பார்க்க வேண்டியவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

முதலாவது, அங்கீகாரம். நான்கு ஆண்டு பி.எஸ்சி. நர்சிங் ஆனாலும், மூன்று ஆண்டு டிப்ளமோ ஆனாலும், அந்த நிறுவனத்துக்கு இந்திய நர்சிங் கவுன்சிலின் அங்கீகாரமும் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தின் அங்கீகாரமும் இருக்கிறதா என்று பாருங்கள். பட்டப்படிப்பு என்றால் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்பும் வேண்டும். இது பின்னாளில் வேலைக்குப் பதிவு செய்வதற்கு மட்டும் தேவைப்படுவதன்று. கல்விக் கடனுக்கான வட்டி மானியம்கூட நர்சிங் கவுன்சிலின் ஒப்புதலைச் சார்ந்திருக்கிறது.

இரண்டாவது, ஒதுக்கீடு. ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புக்கான) உதவித்தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். கல்லூரிக்குக் கட்டாயமாகச் செலுத்த வேண்டிய, திரும்பக் கிடைக்காத கட்டணங்களும், ஆண்டுதோறும் ஒரு பராமரிப்புத் தொகையும் இதில் அடங்கும். ஆனால் நிர்வாக ஒதுக்கீட்டில், அதாவது கல்லூரி நிர்வாகமே நேரடியாக நிரப்பும் இடங்களில், சேர்ந்தவர்களுக்கு இந்த உதவி கிடையாது. “சீட் வாங்கித் தருகிறேன், ஸ்காலர்ஷிப்பிலேயே படித்து முடித்துவிடலாம்” என்று ஊர் ஊராக வரும் இடைத்தரகர்கள் இந்த ஒரு வரியை மட்டும் சொல்வதில்லை. அரசு ஒதுக்கீட்டு இடமா, நிர்வாக இடமா என்பதைக் கல்லூரியின் சேர்க்கை ஆணையில் எழுத்தாகக் கேட்டு வாங்குங்கள்; எழுதித் தரத் தயங்கினால் அந்த இடத்தில் பணம் கட்டாதீர்கள். பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட வகுப்பு மாணவர்களுக்கான மாநில அரசின் உதவித்தொகைக்கும் 2.5 லட்சம்தான் வருமான வரம்பு.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிகளுக்கு, 2022 செப்டம்பரில் தொடங்கப்பட்ட புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் அதே தொகையுடன் மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் வந்தது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களும் சேர்க்கப்பட்டார்கள். பட்டப்படிப்புடன் டிப்ளமோவும் இதில் அடங்கும். வேறு உதவித்தொகை பெறுகிறவர்களும் இதைப் பெறலாம் என்பதால், “எனக்குத்தான் ஏற்கெனவே வருகிறதே” என்று விட்டுவிட வேண்டாம். சிறிய தொகையாகத் தெரியலாம். ஆனால் கிளினிக்கல் போஸ்டிங் எனப்படும் மருத்துவமனைப் பயிற்சிக்குப் பேருந்தில் போய்வரும் செலவும், ரெக்கார்டு நோட்டும், வெள்ளை ஷூவும் இதிலிருந்துதான் பல பிள்ளைகளுக்கு நடக்கின்றன.

விண்ணப்பத்தைவிட அதிகமாகப் பணத்தை நிறுத்தி வைப்பது வங்கிக் கணக்குதான். எனக்குத் தெரிந்த ஒரு மாணவிக்கு உதவித்தொகை அனுமதிக்கப்பட்டுவிட்டதாகக் கணினியில் காட்டியது. ஆனால் அவர் கல்லூரியில் கொடுத்த கணக்கில் ஏழு மாதங்களாக ஒரு ரூபாயும் வரவில்லை. காரணம், பள்ளியில் படித்தபோது அப்பா திறந்து கொடுத்து, பிறகு யாரும் பயன்படுத்தாமல் விட்ட பழைய கணக்கோடு அவருடைய ஆதார் இணைந்திருந்தது. நேரடிப் பணப் பரிமாற்றத்தில் தொகை, நீங்கள் படிவத்தில் எழுதும் கணக்கைத் தேடிப் போவதில்லை; ஆதார் எண் எந்த வங்கியோடு இணைக்கப்பட்டிருக்கிறதோ அங்கேதான் போகும். ஆகவே வங்கியில் “ஆதார் கொடுத்துவிட்டேன்” என்பதோடு நின்றுவிடாமல், “அரசுப் பணம் வருவதற்காக ஆதார் சீடிங் ஆகியிருக்கிறதா, எந்தக் கணக்கில்?” என்று குறிப்பாகக் கேளுங்கள். ஆதார், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று ஆகிய மூன்றிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருக்கின்றனவா என்பதையும் கோடை விடுமுறையிலேயே பார்த்துவிடுங்கள். வருமானச் சான்றைப் புதிதாக இ-சேவை மையம் வழியே விண்ணப்பித்து வாங்குங்கள். கல்லூரியில் சேர்ந்ததும், கல்லூரி மாணவர்களின் விவரங்களைப் பதியும் மாநில அரசின் யுமிஸ் தளத்தில் உங்கள் விவரங்கள் பதிவாகிவிட்டனவா என்று அலுவலகத்தில் கேளுங்கள். அந்தப் பதிவு இல்லாமல் மாநில அரசின் உதவிகள் நகராது.

தேசிய ஸ்காலர்ஷிப் தளத்தில் சில உதவிகள் தனியாக உள்ளன. பன்னிரண்டாம் வகுப்பில் தங்கள் வாரியத்தின் முதல் 20 சதவீதத்துக்குள் வந்து, குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருப்பவர்கள் மத்தியத் துறை உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். பட்டப்படிப்பின் முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய். டிப்ளமோவுக்கு இது கிடையாது. வேறு ஸ்காலர்ஷிப்போடு சேர்த்தும் பெற முடியாது என்பதால், எது அதிகம் என்று கணக்கிட்டுத் தேர்ந்தெடுங்கள். பீடித் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் உதவி உண்டு. முன்னாள் படைவீரர்களின் பிள்ளைகளுக்குப் பிரதமரின் உதவித்தொகைத் திட்டத்தில் மாணவிகளுக்கு மாதம் 3,000, மாணவர்களுக்கு 2,500 ரூபாய் எனத் தொகை நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது. அப்பாவோ அம்மாவோ கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்திருந்தால் அதன் கல்வி உதவியையும் கேளுங்கள்.

செலவே இல்லாமல் படிக்க ஒரு வழி இருக்கிறது. அது நம் ஊர்ப் பள்ளிகளில் போதிய அளவு சொல்லப்படுவதில்லை என்பது என் வருத்தம். திருமணமாகாத பெண்களுக்காக ராணுவ நர்சிங் சேவை நடத்தும் பி.எஸ்சி. நர்சிங் படிப்பு, புனே, கொல்கத்தா, மும்பை, டெல்லி, லக்னோ, பெங்களூரு ஆகிய ஆறு இடங்களில் உள்ளது. பயிற்சி இலவசம், தங்குமிடமும் உணவும் உதவித்தொகையும் உண்டு. நீட் தேர்வு எழுதியிருக்க வேண்டும். படிப்பு முடிந்ததும் ராணுவ நர்சிங் அதிகாரியாகப் பணியாற்ற ஒப்பந்தம் செய்ய வேண்டும்.

இவற்றுக்குப் பிறகும் குறைகிற பணத்துக்குத்தான் கல்விக் கடன். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி 4 லட்சம் வரை நாம் கைப்பணம் போட வேண்டியதில்லை, 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் வேண்டியதில்லை, பெற்றோர் இணைக் கடனாளியாகக் கையெழுத்திட வேண்டும். படிப்புக் காலமும் அதன் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. அதன் பிறகு 15 ஆண்டுகள் வரை அவகாசம். கல்விக் கட்டணத்தோடு விடுதி, தேர்வு, புத்தகம், சீருடை, கருவிகள் ஆகிய செலவுகளுக்கும் கடன் உண்டு. எனவே கல்லூரியில் செலவு விவரச் சான்று வாங்கும்போது, சீருடை, ஸ்டெதஸ்கோப், பி.பி. கருவி ஆகியவற்றையும் ஆண்டுவாரியாக எழுதச் சொல்லுங்கள். அதில் இல்லாத செலவை இரண்டாம் ஆண்டில் போய்க் கேட்டால் வங்கியில் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

“உங்கள் ஏரியா பிராஞ்சுக்குப் போங்கள்” என்று திருப்பி அனுப்பினால் மனம் தளர வேண்டாம். வங்கிக் கிளையின் சேவைப் பகுதி விதி கல்விக் கடனுக்குப் பொருந்தாது என்று ரிசர்வ் வங்கி 2012 இலேயே தெளிவுபடுத்தியிருக்கிறது. கல்விக் கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளம் வழியே விண்ணப்பித்து, விண்ணப்ப எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுப்பதானால், மேல் அதிகாரியின் ஒப்புதலோடு காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்பது மாதிரித் திட்டத்திலேயே இருப்பதால், வாய்மொழியாகச் சொல்லும் “இல்லை” என்பதை ஏற்க வேண்டாம்.

குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், தவணை தொடங்காத காலத்துக்கான வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் உள்ளது. கடன் வாங்கியதாலேயே இது தானாக வந்துவிடாது. வருமானச் சான்றை வங்கியில் கொடுத்து, மானியத்துக்குப் பதிவு செய்துவிட்டார்களா என்று கேளுங்கள். வாழ்நாளில் ஒரு முறைதான் இது கிடைக்கும். படிப்பைப் பாதியில் விட்டால் இழக்க நேரிடும். மானியத் தகுதி இல்லாதவர்கள், படிக்கும்போதே மாத வட்டியை மட்டும் முடிந்த அளவு கட்டிவந்தால் அசலோடு வட்டி சேர்ந்து பெருகாது.

சில மருத்துவமனைகள் கட்டணத்தைக் குறைத்து, படிப்புக்குப் பின் சில ஆண்டுகள் அங்கேயே வேலை செய்ய ஒப்பந்தம் கேட்கும். எத்தனை ஆண்டு, எவ்வளவு சம்பளம், இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற மூன்றும் தாளில் இல்லாவிட்டால் கையெழுத்திடாதீர்கள். அசல் சான்றிதழ்களைச் சரிபார்ப்புக்குக் காட்டிய கையோடு திரும்ப வாங்கி வாருங்கள். அடுத்த ஆண்டு உதவித்தொகையைப் புதுப்பிக்கும்போது அவை மீண்டும் தேவைப்படும்.