தேர்மோஸ்ராற்றும் ஃபேன் சுவிச்சும் ஒத்துப்போகின்றனவா? வீட்டிலேயே பார்க்கலாம்

ஏ9 வீதியில் ஓடும்போது ஏறாத வெப்ப முள், நல்லூர்த் திருவிழா நெரிசலில் ஊரும்போது மட்டும் ஏறுகிறதா? ஃபேன் பக்கம் பாருங்கள். ஓட்டத்தில் காற்றே ரேடியேற்றரைக் குளிர்த்திவிடும். நின்றால் ஃபேனை விட்டால் வழியில்லை. இதற்காகத் தேர்மோஸ்ராற்றை, அதாவது எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேற்றருக்குப் போகவிடாமல் தடுக்கும் வால்வை, கழற்றி எறிகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். எஞ்சின் தன் சூட்டுக்கு வராமலே ஓடினால் பெற்றோலும் வீண், தேய்மானமும் கூடும்.

கணக்கு இதுதான்: தேர்மோஸ்ராற் திறக்கத் தொடங்கும் வெப்பநிலையை விட ஃபேன் நிற்கும் வெப்பநிலை கொஞ்சமாவது மேலே இருக்க வேண்டும். 82 பாகை செல்சியஸில் திறக்கும் தேர்மோஸ்ராற்றுக்கு, ஃபேனை 93இல் ஓடவிட்டு 83இல் நிறுத்தும் சுவிச் பொருந்தும். அதே சுவிச்சோடு 88 பாகைத் தேர்மோஸ்ராற்றைப் போட்டால், எஞ்சின் பக்கத் தண்ணீர் 83க்கு இறங்காது. ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கும். சுவிச் ரேடியேற்றரின் கீழ்ப்பக்கம் இருந்தால் கதை வேறு. அது குளிர்ந்து வந்த தண்ணீரைத்தான் உணரும் என்பதால், அந்த வாகனத்துக்கென்று சொன்ன எண்ணையே வாங்குங்கள்.

எஞ்சின் ஆறிய பிறகு இரண்டையும் கழற்றுங்கள். பொறித்திருக்கும் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். தேர்மோஸ்ராற்றின் வால்வை மெல்ல அழுத்தித் திறந்து, இடுக்கில் ஒரு தையல் நூலைக் கடிக்கவிட்டு, அந்த நூலிலேயே பானைத் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். அடியில் முட்டக்கூடாது. சூடேற்றுங்கள், நூலை விட்டு அது விழும் கணத்தில் வெப்பமானி காட்டுவதுதான் திறக்கும் வெப்பநிலை. குசினியில் பாவிக்கும், கம்பியைத் தண்ணீருக்குள் விடும் டிஜிற்றல் வெப்பமானியே எனக்குப் பிடித்தது. தூரத்திலிருந்து அளக்கும் துப்பாக்கி வகை ஆவியிலும் பளபளக்கும் உலோகத்திலும் ஏமாற்றும். யாழ்ப்பாணம் கடல்மட்டத்தோடு இருப்பதால் கொதிக்கும் தண்ணீரில் 100 காட்டுகிறதா என்று முதலே பாருங்கள்.

அடுத்தது சுவிச். என்னை நீண்ட நேரம் மினக்கெடுத்திய இடம் இது. உணரும் நுனி மட்டும் தண்ணீரில் நனைய, சுற்று இணைந்திருந்தால் கத்தும் நிலையில் வைத்த மல்ரிமீற்றரால் மேலேயுள்ள முனைகளைத் தொடுங்கள். பல வாகனங்களில் சூடானதும் மீற்றர் கத்தும். ஆனால் பழைய ரொயோட்டா கொரோலா போன்றவற்றில் தலைகீழ்: குளிரில் கத்தும், 93ஐத் தாண்டினால் அடங்கும். சுற்று அறுந்தால்தான் அங்கே ஃபேன் ஓடும். அதனால் சுவிச் நல்லதாக இருக்கும்போதே பழுது என்று தூக்கிப் போட வாய்ப்புண்டு. சந்தேகமென்றால் திறப்பைப் போட்டுச் சுவிச்சின் வயரைக் கழற்றுங்கள். ஃபேன் சுற்றினால் உங்களுடையது இந்த வகை. கை கவனம்.

திரும்பப் பூட்டும்போது தேர்மோஸ்ராற்றின் சின்னக் காற்றுத்துளை மேலே வரட்டும். கிணற்றுத் தண்ணீர் ஊற்றாதீர்கள். எங்கள் சுண்ணாம்புக்கல் நிலத்துத் தண்ணீர் ரேடியேற்றருக்குள் படிந்து அடைக்கும். கூலன்ற்றும் வடித்த நீரும்தான் சரி.

பிற்சேர்க்கை: எஞ்சின் குளிராக இருக்கும்போதே ஃபேன் ஓடுகிறது என்று சிலர் எழுதியிருந்தீர்கள். முதலில் ஏசியை நிறுத்திப் பாருங்கள். ஏசி போட்டால் சுவிச்சைக் கேட்காமலே ஃபேன் ஓடுவது பெரும்பாலான வாகனங்களில் வழமை.